வேடமும் வாளும்: பெரியபுராண வீரத்தொண்டரின் போரறமும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் சமய வீரர் நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

தெய்வத்தின் பெயரால் வாளேந்தும் வீரன் எந்த அறத்துக்குக் கட்டுப்பட்டவன், அவன் பிழைத்தால் அப்பிழையை அளப்பவர் யார் என்பன இன்றைய கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஓயாது எழும் வினாக்கள். இவ்வினாக்களைத் தமிழ் மரபு பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கதைவடிவில் எதிர்கொண்டுள்ளது. எறிபத்தர், புகழ்ச்சோழர், ஏனாதிநாதர், மெய்ப்பொருளார், கோட்புலியார் ஆகிய ஐந்து நாயன்மார் வரலாறுகளையும், கொங்குநாட்டு அண்ணன்மார் கதையோடு இணைந்த படுகளச் சடங்கையும், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் பாலடின் என்னும் பாத்திரத்துக்குரிய விதிகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. விளையாட்டின் சமய வீரன் எதிரியின் தீமையை அளக்கிறான். பெரியபுராணத்தின் சிறந்த வீரத்தொண்டர் தம்மையே அளந்துகொள்கின்றனர். அந்த அளவை பிறர்மேல் திரும்பும்போது நேரும் கொடுமையையும் அம்மரபு மறைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், வீரத்தொண்டர், போரறம், வேடம், அண்ணன்மார் கதை, படுகளம், பாலடின், பாத்திரமேற்பு விளையாட்டு.

1. முன்னுரை

2009-இல் உருவாக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், அமராவதி ஆற்றின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் நிலப்பரப்பாக அமைந்தது மடத்துக்குளம் வட்டம். சங்க நூல்கள் ஆன்பொருநை என்று குறிக்கும் இவ்வாறு மடத்துக்குளம், தாராபுரம் பகுதிகளைக் கடந்து கருவூரை அடைந்து காவிரியில் கலக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கருவூர், எறிபத்த நாயனாரும் புகழ்ச்சோழ நாயனாரும் தொடர்புடைய ஊர். ஆற்றின் இருமருங்கும் பரந்த கொங்கு ஊர்களில் பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் கதை உடுக்கை ஒலியோடு பாடப்பட்டு, அவர்கள் அண்ணன்மாராக வழிபடப்படுகின்றனர். ஆகவே தெய்வத்தொடர்புடைய வீரன் என்னும் கருத்து இந்நிலப்பகுதிக்கு அயலானதன்று.

அதே கருத்து இன்று வேறொரு வழியிலும் இளைஞரை வந்தடைகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்தோ கணினி வழியாகவோ ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடத்துநர் ஒருவர் விரிக்கும் கற்பனை உலகில் கதையை முன்னெடுத்துச் செல்லும் விளையாட்டுகள் பாத்திரமேற்பு விளையாட்டுகள் எனப்படுகின்றன. அவற்றில் தெய்வத்துக்கோ ஒரு சூளுரைக்கோ கட்டுப்பட்ட போர்வீரன் நிலையான பாத்திர வகையாகும். அவனுடைய மானமும் அறமும் பற்றிய கருத்து வேறுபாடு பலவேளைகளில் ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறது. அகவையில் எட்டு நூற்றாண்டு இடைவெளியுள்ள இருவகை வீரரையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, இரண்டிலும் மறைந்துள்ள அடிப்படைகள் தெளிவாகின்றன.

2. விளையாட்டில் பாலடின்: விதியும் வீழ்ச்சியும்

பாலடின் என்னும் சொல் அரண்மனையைச் சார்ந்தவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. இடைக்காலப் பிரெஞ்சுக் காப்பியங்களில் பேரரசர் சார்லமேனின் அணுக்க வீரர்களை அது குறித்தது. அமெரிக்க எழுத்தாளர் பால் ஆண்டர்சன் 1961-இல் வெளியிட்ட புதினம் ஒன்று அவ்வீரர் உருவைத் தற்காலக் கற்பனைக் கதைகளுக்குள் கொண்டுவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது. அதன் இணைப்பு நூலாக 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ பாலடினை ஒரு பாத்திர வகையாக அறிமுகப்படுத்தியது.

இவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறச்சார்பு உண்டு. ஒழுங்கு – ஒழுங்கின்மை, நன்மை – தீமை என்னும் இரு அச்சுகளில் அது குறிக்கப்படுகிறது. 1978-இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டின்படி பாலடின் ஒழுங்கும் நன்மையும் சார்ந்தவனாகவே இருத்தல் வேண்டும். ஒழுங்கை மீறினால் குருவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கழுவாய் தேட வேண்டும். அறிந்தே தீமை செய்தால் அவன் தன் தெய்வ ஆற்றல்களை மீளப் பெறவியலாதபடி இழந்து எளிய போர்வீரனாகிவிடுவான். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடையாக அளித்தலும், நல்லோரோடு மட்டுமே சேர்ந்து செயற்படுதலும் அவனுக்குரிய கட்டுப்பாடுகள். இவற்றுக்கு ஈடாக அவன் பெறும் ஆற்றல்களுள் தலையாயது, அருகிலுள்ள தீமையை உணர்ந்தறியும் ஆற்றல்.

இவ்விதிகளின் விளைவுகள் இரண்டு. முதலாவதாக, பாலடின் வீழ்ந்தானா இல்லையா என்பதை நடத்துநரே தீர்மானிக்கிறார். அறம் ஒரு நடுவரின் தீர்ப்பாகிவிடுகிறது. பகைவர் குகையில் அவர்தம் குழந்தைகள் இருக்கக் கண்டால் பாலடின் என்செய்வான் என்பது ஆட்டக்காரரிடையே நெடுங்காலமாகத் தொடரும் பூசல். கொன்றால் நன்மை தவறும். விட்டால் கடமை தவறும். எவ்வழியும் வீழ்ச்சிக்கே வழியாக ஒரு நடத்துநர் அமைத்துவிடவும் கூடும். இரண்டாவதாக, தீமையை உணரும் ஆற்றல் இருப்பதால் எதிரியைப் பற்றிய ஐயம் நீங்கிவிடுகிறது. தீயவன் என்று அறியப்பட்டவனைக் கொல்வதில் மனத்தடை எதுவும் எஞ்சுவதில்லை.

பின்வந்த பதிப்புகள் இவ்விறுக்கத்தைத் தளர்த்தின. 2008-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு பாலடின் ஒரே அறச்சார்புக்கு உரியவன் என்னும் விதியைக் கைவிட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பாலடினின் ஆற்றலுக்கு அடிப்படை அவன் எடுக்கும் சூளுரையாயிற்று. பற்றுறுதி, தொன்மை, பழிவாங்கல் எனச் சூளுரைகள் பலவாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடப்பாடுகள் வகுக்கப்பட்டன. தீமையை உணரும் ஆற்றலும் மாறியது. வானவர், அரக்கர், இறந்தெழுந்தோர் போன்ற இயல்புகடந்த உயிர்களின் இருப்பையே அது இப்போது காட்டுகிறது. மனிதர் ஒருவரின் உள்ளத்தை அது அளப்பதில்லை. நாற்பதாண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம், எதிரியின் தீமையை அளவையாகக் கொண்ட அறம் நிலைகொள்ளவில்லை என்பதற்குச் சான்றாகும்.

3. சங்க மறவரின் மானம்

பக்தி மரபின் வீரரை நோக்குமுன் அவர்க்கு முற்பட்ட மறவர் மரபை நினைவுகூர்தல் தேவை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாடல், ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காப்பிடம் செல்லுமாறு முன்னறிவித்த பின்னரே அம்பு விடும் மன்னனைப் போற்றுகிறது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்நாணம் பொறாது வடக்கிருந்து உயிர்விட்டான். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என வீரர்க்குக் கல்நடும் ஆறு நிலைகளைக் கூறுகிறது.

இம்மரபில் போரறம் இருவகைப்பட்டது. ஒன்று, போரில் சேராதாரைக் காத்தல். மற்றொன்று, தன் மானத்துக்குத் தானே நடுவனாதல். சேரலாதனை எவரும் தண்டிக்கவில்லை. தன் புண்ணை அவனே அளந்தான். இறந்த வீரன் கல்லாகி வழிபாடு பெறுகிறான். ஆயினும் அவன் தெய்வத்துக்காகப் போரிட்டவனல்லன். தெய்வப்பற்றும் வீரமும் ஓருருவில் இணைவதைப் பெரியபுராணத்தில்தான் விரிவாகக் காண்கிறோம்.

4. ஆன்பொருநைக் கரையில் எறிபத்தர்

இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் எறிபத்தரை மழுப்படை ஏந்திச் சிவனடியார்க்கு இடர் நேராமல் காப்பவராக அறிமுகப்படுத்துகிறது. கருவூர் ஆனிலைக் கோயிலுக்கு நாள்தோறும் மலர் கொணர்பவர் சிவகாமியாண்டார் என்னும் முதியவர். மகாநவமிக்கு முன்னாளில் புகழ்ச்சோழ மன்னரின் பட்டத்து யானை வீதியில் விரைந்து வந்து அவருடைய பூங்கூடையைப் பறித்துச் சிதறியது. துரத்திச் சென்ற முதியவர் தளர்ந்து வீழ்ந்து இறைவனை அழைத்து அரற்றினார். அதனைக் கேட்ட எறிபத்தர் விரைந்து சென்று யானையை வெட்டி வீழ்த்தினார். அதனை நடத்திவந்த ஐவரையும் கொன்றார்.

பாலடின் விதிகளின்படி இச்செயலை மதிப்பிட முயன்றால் இடர்ப்பாடு உடனே தோன்றும். காக்கப்பட்டது வழிபாடு; கொல்லப்பட்டவர் அரசப் பணியாளர் ஐவர். யானையை அவர்கள் தடுக்கவில்லை என்பதே அவர்கள்மேல் சாற்றப்பட்ட குற்றம். தடுக்க இயன்றதா என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பகைவர் தாக்கினர் எனக் கருதிப் படையோடு வந்த புகழ்ச்சோழர், நின்றவர் அடியார் எனக் கண்டதும் சினம் தணிந்தார். நடந்ததைக் கேட்டு, யானையும் பாகரும் மட்டும் இக்குற்றத்துக்குப் போதாது, தாமும் கொல்லப்படத் தக்கவரே என்று தம் உடைவாளை நீட்டினார்.

எறிபத்தர் உள்ளத்தில் திருப்பம் நிகழும் இடம் இதுவே. வாளை வாங்காவிடில் மன்னர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வார் என அஞ்சி வாங்குகிறார். இத்தகைய அன்பருக்குத் தாம் தீங்கு நினைத்தோமே என வருந்தி, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டுகிறார். மன்னர் பாய்ந்து அவர் கையைப் பற்றுகிறார். இருவரும் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொண்டு நிற்கும் அந்நிலையில்தான் இறைவனின் குரல் எழுகிறது, யானையும் பாகரும் உயிர்பெற்று எழுகின்றனர், பூங்கூடை நிறைகிறது. எறிபத்தர் கொன்றபோது அருள் வெளிப்படவில்லை என்பதும், வாள் தம்மை நோக்கித் திரும்பியபோதே வெளிப்பட்டது என்பதும் கதையமைப்பில் கருதத்தக்கவை. மாண்ட ஐவரும் மீண்டெழுந்தமையால் அவர்தம் இறப்பு இறுதித் தீர்ப்பாக நிலைபெறவில்லை.

புகழ்ச்சோழரின் தனி வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. கருவூரில் தங்கிக் கொங்கரும் பிறரும் தந்த திறையை ஏற்ற அவர், திறை தராத அதிகன்மேல் படை ஏவினார். வென்ற படை கொணர்ந்த தலைக்குவியலில் சடையுடைய தலை ஒன்றைக் கண்டார். போர் முறையானதே, வெற்றியும் அவருடையதே, அவர் கைவாள் அத்தலையைக் கொய்யவுமில்லை. ஆயினும் தம் ஆணையால் ஓர் அடியார் மாண்டார் என்று, மகனுக்கு முடிசூட்டுமாறு பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீப்புகுந்தார். ஏவிய கொலைக்கும் ஏவியவரே பொறுப்பு என்பது இங்கு நிறுவப்படும் அறம்.

5. பகைவன் பூண்ட நீறு: ஏனாதிநாதரும் மெய்ப்பொருளாரும்

தீமையை உணரும் பாலடினின் ஆற்றலுக்கு நேர்மாறான நிலையை ஏனாதிநாதர் வரலாறு காட்டுகிறது. சோழநாட்டு எயினனூரில் வாட்பயிற்சி அளித்து, அவ்வருவாயை அடியார்க்கு வழங்கியவர் அவர். அதே தொழிலுரிமை கொண்ட அதிசூரன் பொறாமையால் போர்தொடுத்துத் தோற்றான். பின்னர், பிறர் வீணே மடிய வேண்டா, இருவரும் தனியே பொருவோம் என்று அழைத்தான். இதுவரை நீறணியாத அவன் அன்று நெற்றியில் நீறு பூசி, கேடயத்தால் முகத்தை மறைத்து வந்தான். வெல்லப்படும் தறுவாயில் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட ஏனாதிநாதர் கொல்லும் நோக்கத்தைக் கைவிட்டார்.

அடுத்த நொடியில் அவர் எண்ணியதே போரற வரலாற்றில் அரிய இடம். முதலில் வாளையும் கேடயத்தையும் கீழே எறிய நினைத்தார். அவ்வாறு எறிந்தால் படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அதிசூரனைச் சேருமே என்று தயங்கினார். எனவே பொருவார் போல வாளேந்தி நின்றே வெட்டுண்டார். சங்க மறவன் தன் மானத்தைக் காத்தான். ஏனாதிநாதர் தம்மைக் கொல்பவனின் மானத்தைக் காத்தார். போரறத்தின் எல்லை இங்கே பகைவன்வரை விரிகிறது.

மெய்ப்பொருளார் வரலாறு இதனை அரண்மனைக்குள் கொண்டுசெல்கிறது. திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், நீறு பூசி, சுவடிக் கட்டினுள் படையை ஒளித்து, அடியார் உருவில் அரண்மனை புகுந்தான். ஆகமம் உரைப்பதாகக் கூறித் தனிமை வேண்டினான். தாழ அமர்ந்து கேட்க நின்ற மன்னரைக் குத்தினான். காவலர் தத்தன் வாளோடு பாய்ந்தபோது மன்னர் தடுத்து, இவர் நம்மவர் என உரைத்து, ஊர் எல்லைக்கு அப்பால் இடரின்றிக் கொண்டுசெல்லப் பணித்தார். தத்தன் திரும்பிவந்து அறிவிக்கும்வரை உயிர் தாங்கியிருந்து, அதன்பின் உயிர் நீத்தார்.

இவ்விரு வரலாறுகளிலும் வேடம் என்னும் சொல்லே மையம். வேடம் என்பது மாற்றுருவையும் குறிக்கும். சிவனடியார்க்குரிய திருவுருவையும் குறிக்கும். முத்தநாதனிடம் இருந்தது முதற்பொருளிலான வேடம். மெய்ப்பொருளார் வணங்கியது இரண்டாம் பொருளிலானதை. குத்துண்ட பின்னும் அவர் ஏமாந்தவராக இல்லை. பொய்யை அறிந்தே உண்மைக்குரிய மதிப்பை அளித்தார். பாலடின் வேடத்தை ஊடுருவி உள்ளத்தை அறிய முயல்கிறான். இவர்களோ உள்ளம் எதுவாயினும் வேடத்துக்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்கின்றனர்.

தத்தனின் நிலை தனியே கருதத்தக்கது. தன் அரசனைக் கொன்றவனை, சினந்து சூழ்ந்த மக்களை விலக்கித் தானே காத்துச் செல்ல வேண்டியவன் அவன். சூளுரை எடுத்தவர் மன்னர். அதன் சுமையைத் தோளில் ஏற்றவன் காவலன். சமய வீரனின் நெறி அவனைச் சூழ்ந்தோரிடமும் விலை கேட்கிறது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை.

6. பிறர்மேல் திரும்பும் வாள்: கோட்புலியார்

அவ்விலையின் கொடிய எல்லையைக் கோட்புலியார் வரலாறு காட்டுகிறது. நாட்டியத்தான்குடியைச் சேர்ந்த இவர் சோழர் படைத்தலைவர். கோயில் திருவமுதுக்கென நெல்லைச் சேர்த்துவைத்து, அதனை எவரும் தொடலாகாது எனச் சுற்றத்தார்க்கு ஆணையிட்டுப் போர்மேற் சென்றார். பஞ்சம் வந்தது. பசி தாளாத சுற்றத்தார் அந்நெல்லை எடுத்து உண்டனர். மீண்டுவந்த அவர் அவர்களை ஒருங்கு கூட்டி அனைவரையும் வெட்டினார். பச்சிளங்குழந்தை அந்த உணவை உண்ணவில்லையே என்று ஏவலன் மன்றாடியபோது, உண்டவளின் பாலை அது குடித்தது என்று கூறி அதனையும் வெட்டினார். இறைவன் தோன்றி, வெட்டுண்டோர் உயர்ந்த உலகம் எய்துவர் என அருளியதாகப் புராணம் முடிகிறது.

விளையாட்டு மேசையில் பகைவரின் குழந்தை பற்றி எழும் வினா இங்கே தமிழில் எழுந்துள்ளது. எறிபத்தர் கதையில் மாண்டவர் இம்மண்ணிலேயே எழுந்தனர். வாள் ஏந்தியவரும் தம்மைத் தாமே தண்டிக்க முற்பட்டார். கோட்புலியார் கதையில் இறந்தோர்க்கு வீடுபேறே ஆறுதல். வாள் ஒருகாலும் ஏந்தியவரை நோக்கித் திரும்பவில்லை. இரண்டும் ஒரே நூலில் ஒரே வகைப் போற்றுதலோடு இடம்பெறுகின்றன. ஆயினும் ஏவலனின் மன்றாட்டு நூலில் பதிவாகியுள்ளது. அக்குரலை நீக்கியிருந்தால் கதை இன்னும் எளிதாக இருந்திருக்கும். அது நீக்கப்படாமையால், வாளை நோக்கிய வினாவும் புராணத்துக்குள்ளேயே நிலைபெற்றுவிட்டது.

7. படுகளம்: ஏற்ற பாத்திரமும் எழுந்த உடலும்

பெரியபுராணம் ஏட்டிலும் கோயிலிலும் ஓதப்படும் நூல். பாத்திரம் ஏற்றலோடு நேரடித் தொடர்புடையது கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. இக்கதையைக் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் 1965-இல் பிரெண்டா பெக் பதிவு செய்தார். அவருடைய ஆய்வு நூல் 1982-இலும், தமிழும் ஆங்கிலமுமான இருமொழிப் பதிப்பு 1992-இலும் வெளிவந்தன. பின்னர் 26 பகுதிகள் கொண்ட உயிரூட்டுப் படத்தொடராகவும் அக்கதை உருப்பெற்றது. அதற்கு முன்பே சக்திக்கனல் 1971-இல் கதையை நூலாகப் பதிப்பித்திருந்தார்.

குன்றுடையான், தாமரை ஆகியோரின் மக்களான பொன்னரும் சங்கரும் பதினாறு ஆண்டு வாழ்நாள் வரையறுக்கப்பட்டவர்கள். பொன்னர் பொறுமையும் வாய்மையும் மிக்கவர். சங்கர் சினமும் வலிமையும் மிக்கவர். பாலடின் ஒருவனிடம் விளையாட்டு சுமத்தும் இரு கடமைகள் இங்கே இருவரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. பொன்முலாம் பூசிய அளவைக்கலத்தைக் காட்டி வஞ்சிக்கும் ஆசாரியிடம் ஏமாறுபவர் பொன்னர். கொம்பன் என்னும் காட்டுப்பன்றியோடு பொருபவர் சங்கர். வேட்டுவரோடு நிகழும் இறுதிப் போரில், திருமால் விடுத்த அம்பால் தம் காலம் முடிந்ததை உணர்ந்த சங்கர் தம் வாளின்மேல் தாமே வீழ்கிறார். பொன்னரும் அவ்வழியே செல்கிறார். வீழ்ந்தோரைத் தேடி வரும் தங்கை தங்காள் அவர்களை எழுப்புகிறாள். ஆயினும் காலம் முடிந்தமையால் அவர்கள் மீண்டும் துயில்கின்றனர்.

இப்போர்க்களம் மணப்பாறை அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்கு ஊர்கள் சிலவற்றில் கதைப்பாட்டின் நிறைவிலும் படுகளமாக நிகழ்த்தப்படுகிறது. பாடகர் போர்ப்பகுதியைப் பாடும்போது அருள்வந்த ஆடவர் மாண்டவராய் வீழ்கின்றனர். வரிசையாகக் கிடத்தப்பட்டுத் துணியால் மூடப்படுகின்றனர். பின்னர்த் தங்காளின் செயலை நினைவூட்டும் வகையில் புனித நீர் தெளிக்கப்பட்டு எழுப்பப்படுகின்றனர். ஊரார் அறிந்த இளைஞர் ஒருவர் சிறிதுபொழுது வீரராகி, மாண்டு, மீண்டும் ஊராராகிறார்.

பாத்திரமேற்பு விளையாட்டிலும் மாண்ட பாத்திரம் எழுப்பப்படலாம். ஐந்தாம் பதிப்பில் அதற்குரிய மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். அங்கே இறப்பின் விலை பொருளால் அளக்கப்படுகிறது. படுகளத்தில் எழுப்புதல் ஊர் முழுதும் கூடிநின்று, உடன்பிறந்தாளின் துயரத்தின் வழியே நிகழும் செயல். வென்றவரைப் பாடுவதோடு சடங்கு நிறைவதில்லை. வீழ்ந்தவரை எழுப்பிய பின்னரே ஊர் களத்தை விட்டுக் கலைகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இக்கதையில் பகைவரான வேட்டுவர் கற்பனை அரக்கர் அல்லர். வேட்டுவர் கொங்குநாட்டில் இன்றும் வாழும் சமூகத்தார். கதையிலேயே அவர்களுக்கும் ஒரு தங்கை உண்டு. அவர்களுடைய காட்டிலிருந்து கிளி கவரப்பட்டதே பகை முற்றக் காரணம். கொம்பன் வயல்களை அழித்தது அதற்கான எதிர்வினை. எனவே இக்கதையைக் கேட்போர் கூட்டத்தில் இருதரப்பின் வழிவந்தோரும் இருத்தல் கூடும். எதிரியை இயல்பிலேயே தீயவனாகக் கொள்ளும் வசதி கொங்குப் பாடகருக்கு இல்லை.

8. ஒப்பீடு

மேற்கண்ட செய்திகளை மூன்று வினாக்களில் தொகுக்கலாம்.

முதலாவது, அளப்பவர் யார்? விளையாட்டில் நடத்துநர் அளக்கிறார். பெரியபுராணத்தில் எறிபத்தரும் புகழ்ச்சோழரும் தம்மைத் தாமே அளக்கின்றனர். இறைவன் அதன்பின்னரே தோன்றுகிறார். பாலடினின் வீழ்ச்சி புறத்திலிருந்து வரும் தண்டனை. வீரத்தொண்டரின் கழுவாய் அகத்திலிருந்து எழுவது.

இரண்டாவது, அளக்கப்படுவது எது? பழைய விதிகளில் எதிரியின் தீமை. ஏனாதிநாதர், மெய்ப்பொருளார் வரலாறுகளில் தாம் ஏற்ற நெறிக்குத் தாம் உண்மையாக நிற்கும் திறம். பகைவனின் பொய் இவர்தம் மெய்யைக் குறைப்பதில்லை. ஐந்தாம் பதிப்பின் சூளுரை முறை இந்நிலைக்கு ஓரளவு நெருங்கி வந்துள்ளது. ஆயினும் பழிவாங்கும் சூளுரையும் அதில் இடம்பெறுவதால், சூளுரை மட்டுமே அறமாகிவிடாது என்பதும் விளங்குகிறது. கோட்புலியாரும் தம் சூளுரைக்கு உண்மையாகவே நின்றார்.

மூன்றாவது, விலை தருபவர் யார்? இவ்வினாவே முன்னிரண்டையும் சோதிக்கும் உரைகல். புகழ்ச்சோழரும் ஏனாதிநாதரும் தம் உயிரையே விலையாகத் தந்தனர். மெய்ப்பொருளார் தம் உயிரோடு தத்தனின் மனத்துயரையும் விலையாக்கினார். எறிபத்தர் முதலில் பாகரின் உயிரையும் பின்னர்த் தம் உயிரையும் முன்வைத்தார். கோட்புலியார் சுற்றத்தாரின் உயிரை மட்டுமே தந்தார். ஒரே பக்தி, ஒரே உறுதி. விலை தருபவர் மாறும்போது கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்வும் மாறுகிறது.

9. முடிவுரை

சமய வீரனின் மானம் என்பது அவன் பெற்ற ஆற்றலுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்று விளையாட்டு விதிகள் தொடங்கின. அது அவன் எடுத்த சூளுரை என்று பின்னர் மாறின. தமிழ் மரபு மேலும் ஓர் அடி சென்றுள்ளது. சூளுரையின் விலையைத் தானே தருபவனிடமே வீரம் அறமாகிறது. அதனைப் பிறர் தலையில் சுமத்தும்போது பக்தியும் அச்சம் தருவதாகிறது. இதனை நெறிமுறைப் பட்டியலாக வகுத்துரைக்காமல், ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் கதைகளாக அருகருகே வைத்தது பெரியபுராணத்தின் சிறப்பு.

தமிழ்ச் சூழலை அடிப்படையாகக் கொண்டு பாத்திரமேற்பு விளையாட்டுகளை உருவாக்குவோர்க்கு இவற்றில் பயன்கொள்ளத்தக்கவை உள. எதிரியின் தீமையை அறியும் ஆற்றலுக்கு மாற்றாக, அறிந்த பின்னும் வாளை அடக்கும் உறுதியை வீரனின் ஆற்றலாக அமைக்கலாம். நடத்துநரின் தீர்ப்புக்கு மாற்றாக, தன் செயலுக்குரிய கழுவாயை ஆட்டக்காரரே கூறும் முறையை ஏற்கலாம். ஆட்டத்தின் இறுதியில், படுகளத்தில் போல, இருதரப்பிலும் வீழ்ந்தோரைப் பெயர் சொல்லி எழுப்பும் பகுதி ஒன்றைச் சேர்க்கலாம். மேசையில் வீழ்வது கற்பனைப் பாத்திரமே ஆயினும், யார்மேல் வாள் ஓங்கலாம் என்று ஆட்டக்காரர் அங்கே பழகிக்கொள்வது கற்பனையன்று.